பழந்துணியும் பச்சிளம் பிள்ளையும்

குழந்தைகள் வளரும் வீடு எதுவாயினும் அங்கே ஒரு பழைய துணியோ, பஞ்சு பிதுங்கிய சிறு தலையணையோ, ஒற்றைக் கண்ணோடு கிடக்கும் கரடிப் பொம்மையோ இருப்பதைக் காணலாம். ஓரம் நைந்திருக்கும், நிறம் மங்கியிருக்கும், எச்சிலும் பாலும் காய்ந்து ஒரு வாடை வீசும். விலைக்குப் போட்டால் பத்துக் காசு பெறாது. ஆனால் ஓர் இரவு அது காணாமல் போய்விட்டால், தாத்தா முதல் பணிப்பெண் வரை வீட்டார் அத்தனை பேரும் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேட வேண்டியதுதான்.

மலாய்க்காரர்கள் இதற்குப் 'பந்தால் பூசோக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்றத் தலையணை என்பது அதன் பொருள். சிங்கப்பூர்ச் சீனர் வீடுகளில் 'சவ் சவ்' என்பர். அதற்கும் நாற்றம் என்றே பொருள். நம் தமிழ் வீடுகளில் இதற்கெனப் பொதுப் பெயர் ஒன்று வழங்கக் காணோம். பிள்ளையே ஒரு பெயர் சூட்டிவிடுகிறது. 'துத்து' என்றும், 'பூப்பி' என்றும், 'அம்மாத்துணி' என்றும் எத்தனையோ பெயர்களை நான் கேட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்பதால், பிள்ளைகளின் முகத்தைவிட அவர்கள் கையிலிருந்த துணி எனக்கு நன்றாக நினைவிருப்பதும் உண்டு.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பலர் பெற்றோர். பலர் பாட்டன் பாட்டியர். சிறுவர் இல்லங்களுக்கும் பாலர் பள்ளிகளுக்கும் வாரி வழங்குவோரும் உண்டு. இவர்கள் மூவருக்குமே இந்தப் பழந்துணியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் சில இருக்கின்றன.

பாட்டியின் முறையீடு

ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதம் புதிய பிள்ளைகள் சேரும்போது யாரேனும் ஒரு பாட்டி என்னைத் தனியே அழைத்துச் செல்வார். "டீச்சரம்மா, இந்தக் கந்தலை எப்படியாச்சும் மறக்கடிச்சுக் குடுங்க. வீட்டுல நாங்க என்ன குறை வச்சோம்? அம்பது வெள்ளிக்குப் பொம்மை வாங்கிக் குடுத்தாலும் தூக்கிப் போட்டுட்டு இதைத்தான் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கு" என்பார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருக்கும். தம் அன்பு போதாமல்தான் பிள்ளை ஒரு கந்தலைத் தேடிப் போகிறதோ என்னும் ஐயம் அவருக்கு. பார்ப்பவர்கள் ஏழ்மை என்று எண்ணுவார்களே என்ற கூச்சமும் அதனுடன் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஐயத்துக்கு விடை கண்டவர் ஒரு குழந்தை மருத்துவர். டொனால்ட் வின்னிகாட் என்பது அவர் பெயர். 1896இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்து, லண்டனில் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணிபுரிந்தவர். உளப்பகுப்பாய்விலும் தேர்ச்சி பெற்றவர். ஆயிரக்கணக்கான தாய்மார்களையும் பிள்ளைகளையும் நேரில் கண்ட பட்டறிவோடு 1951ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை படித்தார். 1953இல் அது அச்சாகியது. போர்வை நுனியையும் கரடிப் பொம்மையையும் பற்றி ஒரு மருத்துவர் அவ்வளவு அக்கறையோடு எழுதியது அக்காலத்தில் புதுமை. இப்பொருளுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'இடைநிலைப் பொருள்' எனலாம்.

எதற்கும் எதற்கும் இடைநிலை? பிறந்த குழந்தைக்குத் தான் வேறு, தாய் வேறு என்ற எண்ணம் இருப்பதில்லை என்பது அவர் கருத்து. பசித்தவுடன் பால் வருகிறது. அழுதவுடன் கை வந்து தூக்குகிறது. நாளடைவில், பால் வரச் சற்றுத் தாமதமாகிறது. தாய் அறையை விட்டுப் போகிறாள், திரும்பி வருகிறாள். அவள் தனி ஆள், தன் விருப்பப்படி எப்போதும் இருக்கமாட்டாள் என்று பிள்ளை மெல்லமெல்ல உணரத் தொடங்குகிறது. பெரியவர்களுக்கே பிரிவு தாங்கமுடியாதது. அந்தச் சின்ன உயிர் என்ன செய்யும்? கைக்கு எட்டிய ஒரு மென்மையான பொருளைப் பற்றிக்கொள்கிறது. அது தாயும் அன்று. முற்றிலும் அயலானதும் அன்று. தன் உடம்பின் பகுதியல்லாத, ஆனால் தன்னுடையதே ஆன முதல் உடைமை அது. பெரும்பாலும் 4 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் இந்தப் பற்று அரும்புவதாக வின்னிகாட் எழுதினார்.

ஆகவே பாட்டிமாருக்கு நான் சொல்வது வழக்கம்: "அம்மா, அன்பே காணாத பிள்ளைக்கு அன்பின் நினைவாக எதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்? நீங்கள் கொடுத்ததைத்தான் உங்கள் பேரன் அந்தத் துணியில் சேர்த்து வைத்திருக்கிறான்." இதைக் கேட்டுச் சில பாட்டிமார் அந்தக் கந்தலையே புதுக் கண்ணோடு பார்த்ததுண்டு. சிலர், "என்னமோ போங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனதும் உண்டு.

வாடையே வழித்துணை

வின்னிகாட் கூறியவற்றுள் தாய்மார்களைத் திடுக்கிட வைப்பது துவைப்பதைப் பற்றியது. அந்தத் துணி அழுக்கடைந்தாலும் நாறினாலும் பல தாய்மார் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்; துவைத்தால் பிள்ளையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும் என்பது அவர்களுக்கு உள்ளுணர்வாகவே தெரிந்திருக்கிறது என்றார் அவர். அந்தப் பொருளில் மாற்றம் செய்யும் உரிமை பிள்ளைக்கு மட்டுமே உண்டு. பிள்ளை அதைக் கொஞ்சும், கடிக்கும், தரையில் அடிக்கும். நாம் ஒரு நூலைப் பிரித்தாலும் வீடு அதிரும்.

வாடைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பிறந்து ஆறு நாளே ஆன குழந்தைகளுக்கு இருபுறமும், தாயின் மார்பில் வைத்திருந்த பஞ்சுத் துணி ஒன்றும் வேறொரு தாயின் துணி ஒன்றும் வைத்துப் பார்த்த ஆய்வு 1975இல் இங்கிலாந்தில் வெளியாகியது. குழந்தைகள் தம் தாயின் துணியின் பக்கமே அதிகமாகத் தலையைத் திருப்பின. முகம் தெளிவாகத் தெரியாத வயதிலேயே மூக்கு தாயை அறிந்துவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகை நினைவுக்கு வந்தது. ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். விடியுமுன்பே பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்மார், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வருவார்கள். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். எங்கள் ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் முதன்முறை பிள்ளையை விட வரும் தாயிடம், "வெளுத்த சீலை வேணாம் தாயி. நேத்து உடுத்துனதைக் குடுத்துட்டுப் போ" என்பார். பால்வெட்டுக்குப் போய்வந்த வியர்வையும் அடுப்புப் புகையும் அந்தச் சேலையில் இருக்கும். அதில் போட்டு ஆட்டினால் பிள்ளை தூங்கிவிடும். லண்டன் மருத்துவரின் கட்டுரையை எங்கள் ஆயா படித்திருக்க வழியில்லை.

ஆய்வுகள் காட்டியவை

மென்மையைத் தேடுவது மனிதக் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்து வைத்தார். ஒன்று வெறும் கம்பி வலை. மற்றொன்று மென்துணி போர்த்தியது. கம்பித் தாயிடம் மட்டும் பால் கிடைக்கும்படி வைத்தபோதும், குட்டிகள் குடித்து முடித்ததும் ஓடிவந்து துணித் தாயையே கட்டிக்கொண்டன. 1958இல் அவர் இதை வெளியிட்டபோது, சோறூட்டுபவரிடம்தான் பிள்ளை ஒட்டும் என்ற பழைய கொள்கை ஆட்டங்கண்டது. (இந்த ஆய்வின் கொடுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்புவதில்லை.) அந்தக் கதையின் பிற்பகுதியைப் பலர் சொல்வதில்லை. துணித் தாயோடு மட்டுமே வளர்ந்த குட்டிகள் பெரியவையானபோது மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாமல் தடுமாறின. துணி துணைசெய்யும், தாயாகிவிடாது.

பிள்ளைகளை வைத்தே செய்த ஓர் ஆய்வு 1975இல் வெளிவந்தது. ரிச்சர்ட் பாஸ்மன் என்பவரும் அவருடைய உடனாய்வாளரும், முன்பின் அறியாத ஓர் அறையில் சிறு பிள்ளைகளை விட்டுப் பார்த்தார்கள். சிலருடன் தாய் இருந்தார். சிலரிடம் அவர்களுடைய போர்வை இருந்தது. சிலரிடம் பிடித்த விளையாட்டுப் பொருள். சிலரிடம் ஒன்றுமே இல்லை. போர்வையில் பற்றுள்ள பிள்ளைகள், தாய் அருகிலிருந்த பிள்ளைகளைப் போலவே அறையைச் சுற்றிப் பார்த்து விளையாடினார்கள். விளையாட்டுப் பொருள் வைத்திருந்தவர்களும் ஒன்றுமில்லாதவர்களும் சீக்கிரமே கலங்கினார்கள். பற்றில்லாத பிள்ளையிடம் போர்வையைக் கொடுத்துப் பயனில்லை என்பதும் அதில் தெரிந்தது. அச்சம் மிகுந்த சூழ்நிலையில் போர்வையின் உதவி குறைந்துவிடும், அப்போது தாயே வேண்டும் என்று அவருடைய பின்னைய ஆய்வு காட்டியது.

துணியைப் பிடித்த பிள்ளை மூலையில் முடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் வகுப்பிலும் நான் கண்டது இதுவே. துணியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிய அன்று அந்தப் பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். கையில் கொடுத்துவிட்டால் அரை மணியில் அதை நாற்காலியில் போட்டுவிட்டு மணலில் விளையாடப் போய்விடும். இடையிடையே வந்து தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்பற்று உண்டா என்றால், இல்லை. இல்லாததும் குறையன்று. 1970இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், கிராமத்துக் குழந்தைகளுள் 100க்கு 5 பேரிடம்கூட இது இல்லை. ரோம் நகரக் குழந்தைகளிடம் 31 விழுக்காடு. அதே நகரில் குடியிருந்த வெளிநாட்டார் பிள்ளைகளிடம் 61 விழுக்காடு. 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, தோக்கியோவில் 38 விழுக்காட்டுப் பிள்ளைகளிடமும் நியூயார்க்கில் 62 விழுக்காட்டினரிடமும் இப்பற்றைக் கண்டது. தாயின் அருகிலேயே உறங்கும் பிள்ளைக்குத் துணி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தனிக் கட்டிலில் உறங்கும் பிள்ளைக்குத் தேவைப்படுகிறது என்பது ஆய்வாளர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று.

நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் காப்பு முதல் சிறுதேர் வரை பத்துப் பருவங்கள் வகுத்த புலவர்கள், சிறுபறைக்கும் சிற்றிலுக்கும் சிறுதேருக்கும் இடம் கொடுத்தார்கள். பழந்துணிக்கு ஒரு பருவம் கொடுக்கவில்லை. தாலப் பருவத்தில் தாய் தொட்டிலருகிலேயே இருந்து பாடுகிறாள் அல்லவா? எனக்குத் தோன்றும் காரணம் அதுதான். இன்றோ சிங்கப்பூரில் இரண்டு மாதக் குழந்தையையே பராமரிப்பு நிலையத்தில் விடலாம். தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளே மிகுதி. நாற்றத் தலையணைகள் நம்மிடையே பெருகுவதில் வியப்பில்லை.

மருத்துவமனையிலும் இல்லத்திலும்

1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். லோரா என்னும் இரண்டரை வயதுக்கும் குறைவான சிறுமி, குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் லண்டன் மருத்துவமனையில் இருந்ததை அப்படியே பதிவு செய்த படம் அது. அந்நாளில் பெற்றோர் விருப்பம்போல் உடனிருக்க முடியாது. லோரா பெரிதாக அழவில்லை; தன் கரடிப் பொம்மையையும் போர்வையையும் இறுகப் பற்றிக்கொண்டு அடங்கிக் கிடந்தாள். நல்ல பிள்ளை என்று மற்றவர்கள் சொல்லும் அந்த அமைதிக்குள் எவ்வளவு துயரம் இருந்தது என்று படம் காட்டியது. மருத்துவ உலகம் முதலில் சினந்தது. ஆயினும் 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்துபோக வேண்டும் என்று பரிந்துரைத்தது.

மருத்துவமனைக்காவது தாய் திரும்பி வருவாள். சிறுவர் இல்லத்துக்கு வரும் பிள்ளையின் நிலை வேறு.

பணி ஓய்வுக்குப் பின் நான் தொண்டு செய்த ஓர் இல்லத்திற்கு ஒரு நாள் இரவு நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். கையில் ஒரு பெண்ணின் பழைய கைலித் துண்டு. பேன் இருக்குமோ, சிரங்கு இருக்குமோ என்று அஞ்சிய உதவியாளர், பையனைச் சுடுநீரில் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, அன்பர் ஒருவர் தந்த புத்தம்புதுப் பொம்மையையும் கையில் கொடுத்தார். கைலித் துண்டு குப்பைக் குழாயில் போயிற்று. எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்ததே. அடுத்த நான்கு நாள் அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. பொம்மையைத் தொடவும் இல்லை. சன்னல் திரையின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே நின்றான். தாயிடமிருந்து அவனுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு முழத் துணிதான் என்பது பிறகே எங்களுக்குத் தெரிந்தது. குழாயின் அடியில் போய்த் தேடினோம். அதற்குள் லாரி வந்து போய்விட்டது.

அதன்பின் அங்கே ஒரு வழக்கம் வந்தது. பிள்ளை கையோடு எது கொண்டு வந்தாலும், எவ்வளவு அழுக்கானாலும், அதன் பெயர் எழுதிய பையில் பிள்ளையின் கண்முன்னே வைப்பார்கள். துவைத்தே ஆகவேண்டும் என்றால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி, பக்கெட்டில் அதுவே கையை விட்டு அலசும்படி செய்வார்கள். தீபாவளியை ஒட்டி அன்பர்கள் தொலைபேசியில், "என்ன கொண்டு வரட்டும்? பொம்மை வாங்கி வரட்டுமா?" என்று கேட்டால், இல்லத்துப் பொறுப்பாளர் அம்மையார், "பொம்மை நிறைய இருக்குங்க. தைக்கத் தெரிஞ்சவங்க ஒரு ரெண்டு மணி நேரம் வந்து கிழிஞ்சதை ஒட்டுப் போட்டுக் குடுத்தா நல்லா இருக்கும்" என்பார். வந்த அன்பர்கள் சிலர் பழந்துணியில் ஒட்டுப் போடும்போது, உரிய பிள்ளை தைத்து முடியும்வரை முழங்காலை விட்டு நகராமல் நிற்கும். கிழிசலை மட்டும் தைக்கவேண்டும். பழைய பகுதியை வெட்டி எறியக்கூடாது.

பெற்றோர் கவனத்திற்கு

ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தலையணை, தளர்ந்த போர்வை, மென்பொம்மை எதுவும் இருக்கக்கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். முகத்தை மூடி மூச்சுத் திணற வாய்ப்புண்டு. விழித்திருக்கும்போது, பெரியவர் பார்வையில், பிடித்துக்கொள்ளட்டும். பொம்மையின் கண், பொத்தான் முதலியன கழன்று வாயில் போகாதவாறு பார்க்க வேண்டும். நீண்ட நாடாக்களை நறுக்கிவிடுவது நல்லது.

ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று அதே மாதிரி வாங்கி ஒளித்து வைப்போர் உண்டு. பெரும்பாலும் பிள்ளை ஏமாறுவதில்லை. புரூஸ் ஹூட், பால் புளூம் என்னும் அறிஞர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பொருளை அச்சு அசலாகப் படியெடுக்கும் இயந்திரம் என்று சொல்லி ஒரு பெட்டியைக் காட்டினார்கள். சாதாரணப் பொம்மையானால் பிள்ளைகள் புதிய படியையே மகிழ்ந்து எடுத்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்து உறங்கும் பொருளானால் பெரும்பாலோர் தம் பழையதே வேண்டும் என்றார்கள். சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. ஆகையால் மாற்றுத் துணி வேண்டுமானால் தொடக்கத்திலேயே, பற்று முற்றுமுன், ஒரே துணியை இரண்டாக வெட்டி மாறிமாறிக் கொடுத்துப் பழக்கலாம். பின்னர்ச் செய்வது வீண்.

தொடக்கப் பள்ளிக்குப் போகும் வயதில் பெற்றோருக்குக் கவலை கூடுகிறது. மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்பது நியாயமான கவலை. நான் கண்ட நல்ல வழி, பொருளைப் பறிக்காமல் அதற்கு இடம் ஒதுக்குவது. "இது வீட்டில் கட்டிலில் காத்திருக்கும், மத்தியானம் வந்து பார்க்கலாம்" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும். ஒரு தாய் மகளின் துணியிலிருந்து இரண்டு விரற்கடை நறுக்கிப் பாவாடைப் பைக்குள் தைத்துவிட்டார். மகளைக் கேட்டு, மகள் காட்டிய இடத்தில் நறுக்கினார். மிளகாய்ப் பூச்சு, தீ வைத்தல், 'காக்கா தூக்கிப் போச்சு' என்ற பொய் ஆகியவற்றையும் நான் கண்டதுண்டு. பொய் சொன்ன வீட்டில் பிள்ளை பல மாதம் காக்கையைக் கண்டாலே அழுதது. துணி இருந்தும் பிள்ளை எந்நேரமும் ஒதுங்கியே இருந்தால், பேசாமல், விளையாடாமல், உண்ணாமல் இருந்தால், துணியைக் குறைசொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

மற்றப்படி இப்பற்று தானாகவே விலகும். அதன் முடிவை வின்னிகாட் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளை அதை மறப்பதுமில்லை. அதற்காகத் துக்கம் காப்பதுமில்லை. நட்பு, விளையாட்டு, கதை, பாட்டு என்று அதன் உலகம் விரிய விரிய, துணியின் பொருள் சிறிதுசிறிதாகக் கரைந்துபோகிறது. ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தும் யாரும் தேடவில்லை என்பதைத் தாய்தான் முதலில் கவனிப்பாள்.

"இனித் தூக்கிப் போடலாமா டீச்சர்?" என்று அப்போது கேட்பார்கள். பிள்ளையையே கேளுங்கள் என்பேன். ஒன்பது வயதில், "இருக்கட்டும்மா" என்று சொல்லும் பிள்ளைகளே அதிகம். அலமாரியில் அதற்கு ஒரு சாண் இடம் போதும்.